ஆண் மீன்கள் மோதும்போது தண்ணீருக்குள் என்ன நடக்கிறது? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தொட்டிக்காரன்:
என் தொட்டியில் ஜிலேபி மீன்கள் இருக்கின்றன, மொசாம்பிக் திலாப்பியா வகை. ஒரே ஒரு ஆண் மட்டும் உடம்பு கறுத்து, தாடை வெளுத்து, மணலில் குழி பறித்துக்கொண்டு யாரையும் கிட்டே விடாது. இன்னொரு பெரிய ஆணை உள்ளே விட்டேன். இரண்டும் துடுப்பை விரித்துப் பக்கவாட்டில் நின்றன, வாலால் தண்ணீரை அடித்தன, பெரிதாகக் கடி எதுவும் விழவில்லை, ஆனால் புதியது நிறம் வெளிறி மூலைக்குப் போய்விட்டது. எதை வைத்து இவ்வளவு சீக்கிரம் ஒதுங்குகிறது?

செவுள்:
சிறுநீருக்கு அதில் பெரிய பங்கு உண்டு அண்ணா! படிக்கும்போது ஆய்வகத்தில் இதே மீனைத்தான் வைத்திருந்தோம். ஆணுக்கு நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றிவிட்டால் அது சிறுநீர் விடும் ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியும். எதிராளி முன்னால் வந்தால் குட்டிக் குட்டிப் பீய்ச்சலாக விடும், முட்டையிடத் தயாரான பெண் வந்தாலும் அப்படித்தான், சும்மா இருக்கும்போது அடக்கி வைத்துக்கொள்ளும். அடங்கிப்போன ஆண் நிறுத்தியே விடும். ஆதிக்க ஆணுக்குச் சிறுநீர்ப்பையும் பெரிது, அதன் சுவரில் தசையும் அதிகம். அந்தச் சிறுநீரில் இருக்கும் இரண்டு ஸ்டீராய்டுகள் பெண்ணின் உடம்பில் முட்டையை முதிரவைக்கும் ஹார்மோனை ஏற்றுகின்றன. ஆனால் அந்த இரண்டை மட்டும் தனியாகக் கலந்தால் எதிராளி ஆணின் கோபம் குறைவதில்லை, முழுச் சிறுநீரைக் கலந்தால்தான் குறைகிறது. அதாவது ஆணுக்கான சேதியில் வேறு ஏதோவும் சேர்ந்திருக்கிறது.

மணல்குழி:
டாங்கன்யிக்கா ஏரி மீனான புல்கரிலும் இதே கதைதான். நான் இரண்டு ஆண்களுக்கு நடுவில் முழுக் கண்ணாடி வைத்தபோது ஓயாமல் முட்டிக்கொண்டிருந்தன, துளை போட்ட தடுப்பு வைத்ததும் வேகம் குறைந்தது. இதே மாதிரி தடுப்பு வைத்து நடந்த ஆய்வு 2017இல் வந்தது; அதிலும் தண்ணீர் கலக்காத பக்கம்தான் ஆக்ரோஷம் அதிகம்.

தொட்டிக்காரன்:
ஓ, அப்படியென்றால் தண்ணீரை நிறைய மாற்றிய அன்று அடங்கியிருந்ததுகூடத் திரும்ப எதிர்த்து நிற்பது இதனால்தான் போல. பழைய வாசனை எல்லாம் வெளியே போய்விடுகிறதே.

செவுள்:
ஆமாம், நைல் திலாப்பியாவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், தண்ணீர் மாற்றியதும் சண்டை கூடுகிறது. ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள்.