போயத்தியஸை மொழிபெயர்க்கும்போது: எல்லாமே ‘விதி’ ஆகிவிடுகிறதே?

கேள்வி

ரோமானியத் தத்துவவாதி போயத்தியஸ் 524 வாக்கில் சிறையிலிருந்து எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ நூலை, ஹெச். ஆர். ஜேம்ஸின் 1897 ஆங்கிலப் பெயர்ப்பு வழியாகத் தமிழாக்குகிறேன். நான்காம் பாகத்தில் ஃபார்ச்சூன், ஃபேட், பிராவிடன்ஸ் (உலகை நடத்தும் இறையறிவு) மூன்றுமே ‘விதி’ என்று வந்து விழுகின்றன. எப்படிப் பிரிப்பது? 39 செய்யுள்களையும் உரைநடையாக்கிவிடலாமா?

பதில் 1

லத்தீனில் நான்கு சொற்கள்: ஃபார்ச்சூனா, ஃபாட்டும், ப்ரோவிடென்ஷியா, காசுஸ். இவை கலந்தால், கடவுள் எல்லாம் அறிந்தும் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்ற ஐந்தாம் பாகத்தின் வாதமே நிற்காது.

ஃபார்ச்சூனாவைப் பெயராகவே விடுங்கள். இரண்டாம் பாகத்தில் சக்கரம் சுழற்றிக்கொண்டு தன் வாயாலேயே வழக்காடுகிறவள் அவள். ‘அதிர்ஷ்டம்’ என்றால் நல்லது மட்டும்தான் நினைவுக்கு வரும். அவளோ கொடுப்பாள், பறிப்பாள். சக்கரத்துக்குச் ‘சகடக்கால்’ அழகாகப் பொருந்தும்.

ஃபாட்டும் ‘விதி’யாக இருக்கட்டும். ‘ஊழ்’ வேண்டாம், முன்வினை கூடவே வந்துவிடும். இந்த நூலில் அதற்கு இடமில்லை. காசுஸ் ‘தற்செயல்’: நிலத்தை உழப்போனவன் புதையல் கண்ட உதாரணம் அங்கேதான் வருகிறது.

சிக்கல் ப்ரோவிடென்ஷியாவில்தான். ‘முன்னறிவு’ என்று போட்டால் தவறு. கடவுள் வருவதை முன்கூட்டிப் பார்ப்பதில்லை, உச்சியிலிருந்து எல்லாவற்றையும் ஒருசேரப் பார்க்கிறார் என்பதே ஐந்தாம் பாகத்தின் முடிவு. தமிழ்க் கிறித்தவ வழக்கின் ‘பராமரிப்பு’ அக்கறையைச் சொல்லும், பார்வையைச் சொல்லாது. என் தேர்வு ‘இறைநோக்கு’. பார்வையும் கருத்தும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. நான்காம் பாகம் ஆறாம் உரைப்பகுதியில் வைத்துச் சோதியுங்கள்: அச்சைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், நடுவே அசையாத இறைநோக்கு, விலக விலக விதியின் பிடி இறுகும். அந்தப் பத்தி குழப்பமில்லாமல் ஓடினால் சொற்கள் சரி.

பதில் 2

செய்யுளை உரைநடையாக்காதீர்கள். முதல் உரைப்பகுதியிலேயே, பெண்ணுருவில் வரும் தத்துவ நங்கை கவிதைத் தேவதைகளை நஞ்சூட்டுகிறவர்கள் என்று விரட்டிவிட்டு, தன் பாட்டால் மருந்து கொடுக்கத் தொடங்குகிறாள். பாட்டு போனால் மருந்தும் போயிற்று. ஆங்கிலக் கவிஞர் சாஸர் முழுவதையும் உரைநடையாக்கினார். இந்நூலுக்கு லத்தீனில் உரை எழுதிய டிரிவெட்டின் விளக்கமும் மூலத்தோடு கலந்துவிட்டதால், எது போயத்தியஸ் என்று பிரிப்பதே கடினம்.

ஆனால் எதுகைக்காக அடைசொல் திணிப்பது அதைவிடக் கெடுதல். ஜேம்ஸின் எதுகைச் செய்யுளில் எந்தச் சொல் மூலத்தினுடையது, எது ஒலிக்காக வந்தது என்று தெரியாது. பக்கத்தில் லத்தீனும் உள்ள லோப் பதிப்பையும், மூல யாப்பின் நடையைக் காக்க முயலும் ரெலிஹானின் 2001 பெயர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாகத்தின் ஒன்பதாம் செய்யுளுக்கு, உலகப் படைப்பைப் பேசும் பிளேட்டோவின் ‘டிமேயஸ்’ உரையாடலை 28 அடிக்குள் அடக்கிய அந்தப் பிரார்த்தனைக்கு, அகவல் தாங்கும். மற்றவற்றுக்கு அளவான புதுக்கவிதை போதும்.

பதில் 3

பெயர்களை உள்ளூராக்கும் ஆசை வரும். ஆல்ஃபிரட் அரசர் பேரில் வழங்கும் பழைய ஆங்கிலப் பெயர்ப்பில், ‘ஃபாப்ரிசியஸின் எலும்புகள் இன்று எங்கே’ என்ற இடத்தில் ஜெர்மானியப் பழங்கதைகளின் வீலண்ட் என்ற கொல்லன் வந்து நிற்கிறான். லத்தீனில் ‘ஃபேபர்’ என்றால் கைவினைஞன், கொல்லன். அதுவே காரணம் என்பார்கள். அங்கே அது ஒளிர்கிறது. நீங்கள் ஃபாப்ரிசியஸையே வைத்து, லஞ்சத்துக்கு மசியாத ரோமானியர் என்று அடிக்குறிப்பில் ஒரு வரி போடுங்கள்.