வீட்டுக்குள் வளர்க்கும் செடிகள்: இன்னும் குடைந்துகொண்டிருக்கும் ஒரு அனுபவம்

ஜன்னலோரம்:
கலாத்தியா (அழகான கோலம்போட்ட இலைக்காக வளர்க்கும் செடி, காற்றில் ஈரம் வேண்டும்) வைத்திருப்பவர்களுக்கு ஏசி அறைக் கதை தெரிந்ததுதான், ஓரம் கருகும், இலை சுருளும். என்னைக் குடைவது வேறு. ஒரு ராத்திரி ஈரப்பதம் காட்டும் மீட்டரைத் தொட்டிப் பக்கத்தில் வைத்தேன். 34 சதவீதம். ஸ்பிரேயரில் நன்றாகத் தெளித்ததும் 60ஐத் தாண்டியது. சரி என்று போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், மறுபடி 35! அப்புறம் எதற்காக எல்லோரும் தெளி தெளி என்கிறார்கள்?

பாசி:
தெளிப்பதே வீண் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் சிலந்திப்பேனை, அதாவது இலைச் சாறு குடிக்கும் பொடி உயிரை, காட்டிக்கொடுத்ததே தெளித்த தண்ணீர்தான். காம்புக்கும் இலைக்கும் நடுவே மெல்லிய நூல் முழுக்கத் துளிகள் கோத்து நின்றன, அதுவரை கண்ணில் படவே இல்லை. வெள்ளைத்தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டினேன். தூசி மாதிரி விழுந்த புள்ளிகளில் சில நடக்க ஆரம்பித்தன. இப்போதும் நினைத்தால் முதுகு அரிக்கிறது.

மொட்டுக்காத்தவர்:
நம்முடையது ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட். வருடக்கணக்கில் வெறும் இலை. கூடத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது குளிர்ச்சியான பின்னறைக்கு மாற்றினோம், மறந்தே போனோம். ஒருநாள் துணி எடுக்கப் போனால் இலையிடுக்கில் பச்சையாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. வேர் என்றுதான் நினைத்தேன், பூத்தண்டு! உரமும் மாற்றவில்லை, ஒன்றும் மாற்றவில்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

லக்ஸ்பைத்தியம்:
புத்தக அலமாரி மேல் மணிபிளாண்ட். கொடி நீள நீள இலை சின்னதாகிக்கொண்டே போனது. போனில் லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) பார்க்கும் ஆப் போட்டால் 90. அதே இடத்தில் உட்கார்ந்து நான் பேப்பர் படிக்கிறேன்!

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நம் கண்ணை நம்பாதீர்கள், இருட்டுக்குத் தக்கபடி அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். வெளியே உச்சி வெயில் 1,00,000 லக்ஸ் வரை போகும், அறைக்குள் சில நூறுதான். ஜன்னலை விட்டு இரண்டு அடி தள்ளினாலே மீட்டர் சடசடவென இறங்கும். வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கும். மண் ஈரமாகவே கிடக்கும், வேருக்குப் பிராணவாயு கிடைக்காது, அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாமல் இலை தொங்கும். தாகம் என்று நினைத்து நாம் இன்னும் ஊற்றுவோம். ஆகவே கிழமை பார்த்து ஊற்றாமல், விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், தொட்டியைத் தூக்கி எடை பாருங்கள். விளக்கு வைப்பதானால் செடிக்கு நெருக்கமாக, ஒரு நாளைக்கு 12 மணி நேரம் போல. ராத்திரி அணைத்துவிடுங்கள்.

ஜன்னலோரம்:
நான் கேட்டது காற்றின் ஈரம். வெளிச்சத்தைப் பற்றி யார் கேட்டார்கள்?

லக்ஸ்பைத்தியம்:
எல்லாம் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டதுதானே சார்.

பாசி:
ஜன்னலோரம், உங்கள் மீட்டர் சொன்னது சரிதான். தெளித்த ஈரம் அறைக் காற்றோடு கலந்து போய்விடும், ஏசி வேறு அதை இழுத்து வெளியே தள்ளுகிறது. ஈரத்தை அடைத்து வைத்தால்தான் நிற்கும். 1829 வாக்கில் லண்டனில் நதானியேல் வார்டு என்ற மருத்துவர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை மூடிய பாட்டிலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருந்த மண்ணில் பெரணியும் புல்லும் தானாக முளைத்தன. லண்டன் புகையில் அவர் பெரணி பிழைக்காமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. அதிலிருந்து வந்ததுதான் செடி வளர்க்கும் மூடிய கண்ணாடிப் பெட்டி, வார்டு பெட்டி. கலாத்தியாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர். ஆனால் நேர்வெயில் படும் இடத்தில் பெட்டியை வைத்தால் செடி வெந்துவிடும்.

ஆர்க்கிட் நண்பருக்கு: வேலை செய்தது குளிர்தான். 28 டிகிரிக்கு மேலேயே இருந்தால் ஃபலனாப்சிஸ் பெரும்பாலும் பூத்தண்டு விடாது. 25க்குக் கீழே சில வாரம் இருந்தால் விடும்.

மொட்டுக்காத்தவர்:
அப்படியா! தண்டு வந்தது, மொட்டும் கட்டியது, இப்போது ஒவ்வொன்றாக மஞ்சளாகி உதிர்கிறது. அதுவும் குளிராலா?

லக்ஸ்பைத்தியம்:
பக்கத்தில் பழம் எதுவும் இருக்கிறதா? பழுக்கும் பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும், மொட்டு அதைத் தாங்காது.

மொட்டுக்காத்தவர்:
பழக்கூடைக்கு வீட்டில் இருக்கிற ஒரே குளிர்ச்சியான இடம் அந்த அறைதான்.