வேப்பர் டிரெயில்ஸ்: பாழடித்தது மிக்ஸா, மாஸ்டரிங்கா?

சனாடு77
கனடா ராக் குழுவான ரஷ்ஷின் ‘கிளாக்வொர்க் ஏஞ்சல்ஸ்’ ஆல்பம் பற்றிய இழையில், அவர்களுடைய 2002 ஆல்பம் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ பற்றி லைம்லைட்81 போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிகள் இவை: “வேப்பர் டிரெயில்ஸ் 2002 சிடியைத் தூக்கிப் போடுங்கள். மாஸ்டரிங்கில் பாழான ஆல்பம். 2013 ரீமிக்ஸ்தான் ரஷ் மனதில் இருந்த ஆல்பம்.”

தனித்தனியாகப் பதிவான ட்ராக்குகளைக் கலப்பது மிக்ஸ், கலந்த கோப்பைக் கடைசியாகச் சீராக்கி ஒலியளவை நிர்ணயிப்பது மாஸ்டரிங். மாஸ்டரிங்கில் மட்டும்தான் பாழானது என்றால் வேலை சுலபம். ஸ்டீரியோ மிக்ஸ் கோப்பு இருக்கிறது. உச்சிகளை அமுக்கும் லிமிட்டரைத் தளர்த்தி மறுபடி மாஸ்டர் செய்தால் முடிந்தது. அப்படிச் செய்யாமல் ஒலிப்பொறியாளர் டேவிட் பாட்ரிலை அழைத்து 13 பாட்டையும் ட்ராக் ட்ராக்காகப் பிரித்து மறுபடி மிக்ஸ் செய்தார்களே, எதற்கு? அதற்கும் முன்னால் 2009இல் ‘ரெட்ரோஸ்பெக்டிவ் 3’ தொகுப்புக்காக இன்னொரு ஒலிப்பொறியாளர் ரிச்சர்ட் சிக்கி ‘ஒன் லிட்டில் விக்டரி’, ‘எர்த்ஷைன்’ இரண்டையும் எடுத்துச் செய்ததும் ரீமிக்ஸ்தான். இரண்டு பேர், இரண்டு தடவை, இரண்டு தடவையும் மிக்ஸிலிருந்தே தொடங்கியிருக்கிறார்கள். ரீமாஸ்டரோடு ஏன் நிறுத்தவில்லை? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்தவர் சிடியைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள்.

லைம்லைட்81
பதில் ஏற்கெனவே வந்துவிட்டது, வாசித்தவர் வாயிலிருந்தே. ஒலியளவுப் போட்டியில் அந்த ஆல்பத்தை அளவுக்கு மீறி உயர்த்தி மாஸ்டர் செய்துவிட்டார்கள், கரகரக்கிறது, ஏற்ற இறக்கமெல்லாம் நசுங்கிவிட்டது, அக்குஸ்டிக் கிதார் வரும் இடங்கள் அதிகம் அடிபட்டன என்று ஆலெக்ஸ் லைஃப்சனே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கிதார் வாசித்தவரை விடவா உங்களுக்குத் தெரியும்?

சிடியைக் கோப்பாக எடுத்து அலைவடிவத்தைப் பாருங்கள். ‘ஒன் லிட்டில் விக்டரி’ முதல் டபுள் பேஸ் டிரம் அடியிலிருந்தே உச்சிகள் முழு அளவில், அதாவது கோப்பு தாங்கும் உச்ச அளவில், வெட்டுப்பட்டு நிற்கின்றன. முழு அளவில் வெட்டு என்றால் கடைசிக் கட்டத்தில் விழுந்த வெட்டு. கடைசிக் கட்டத்துக்குப் பெயர் மாஸ்டரிங்.

தட்டையலை
இரண்டு பேரும் கிளிப்பிங், லிமிட்டிங், டிஸ்டார்ஷன் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். லிமிட்டர் என்பது உச்சி வருமுன் ஒலியளவை இறக்கிப் பிறகு ஏற்றுவது. அது மிகையானால் ஒலி மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும், சிம்பலின் நீட்சி ஒவ்வொரு பேஸ் டிரம் அடிக்கும் அமுங்கும். கிளிப்பிங் என்பது உச்சியை அப்படியே வெட்டுவது. அது கரகரக்கும். இந்தச் சிடியில் இரண்டும் உண்டு.

எங்கே வெட்டினார்கள் என்று பார்க்க வழி இருக்கிறது. சிடியிலிருந்து நேராக வேவ் கோப்பு எடுங்கள். எம்பி3 உதவாது, அது அலையின் உச்சியை மாற்றி வரைந்துவிடும், தட்டை தட்டையாகத் தெரியாது. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, நார்மலைஸ் செய்யாமல் (மொத்த ஒலியளவை மாற்றாமல்), சாம்பிள்கள் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும்வரை பெரிதாக்குங்கள். வினாடிக்கு 44,100 புள்ளி. 16 பிட்டில் எட்டக்கூடிய உச்ச மதிப்பு 32,767. நாலைந்து புள்ளிகள் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால் அது வெட்டு.

வெட்டு முழு அளவிலோ அதற்கு ஒரு நூல் கீழேயோ எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் இருந்தால் கடைசிக் கட்டத்தில் நடந்தது. வெட்டுப்பட்ட தலை சாய்ந்திருந்தால், அதாவது தட்டையான பகுதி சரிவாக இறங்கினால், முதலில் வெட்டிவிட்டுப் பிறகு ஈக்யூவோ (அலைவரிசை வாரியாக ஏற்றி இறக்குவது) ஹை பாஸ் ஃபில்டரோ (தாழ்ந்த அலைகளை வடிகட்டுவது) போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஃபில்டர் ஃபேஸை, அதாவது அலைகள் ஒன்றோடொன்று சேரும் நேரத்தை, நகர்த்தும், தட்டை சாயும். சாய்ந்த தலைகள் நிறைய இருந்தால் சனாடு சொல்வதில் விஷயம் இருக்கிறது. இல்லையென்றால் லைம்லைட்.

சனாடு77
வரையறைக்கு நன்றி, நான் கேட்டது அதில்லை. ரீமாஸ்டரோடு ஏன் நிறுத்தவில்லை?

லைம்லைட்81
தட்டையலை சொன்ன ‘ஒரே உயரம்’தான் நான் சொன்னது. கேஸ் முடிந்தது.

தட்டையலை
முடியவில்லை. மாஸ்டரிங்கில் கடைசியாக ஒரு தடவை வெட்டினால், அதற்கு முன்னால் மிக்ஸில் விழுந்த சாய்ந்த வெட்டுகளின் மேல்முனையையும் அது சீவிவிடும். மேலே தட்டை இருப்பது அடியில் வேறு வெட்டு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. சத்தம் குறைந்த இடங்களில் தேடுங்கள். முழு அளவுக்கு 2, 3 டெசிபல் கீழே நிற்கும் உச்சிகளைப் பாருங்கள்.

மூலப்பிரதி
நீங்க கிளிப்பிங்னு சொல்றதுல பாதி, ரஷ்ல பாடி பாஸ் கிதாரும் வாசிக்கிற கெடி லீயோட பாஸ் சவுண்டு. மனுஷன் சான்ஸ்ஆம்ப், பால்மர் ஸ்பீக்கர் சிமுலேட்டர்னு ஆம்ப், ஸ்பீக்கர் மாதிரி ஒலிக்க வைக்கிற கருவிங்க ரெண்டு மூணு வழியா சிக்னலைப் பிரிச்சு ஒண்ணை நேராவும் ஒண்ணை முறுக்கியும் கலக்குறவர். மேடைல பாஸுக்கு ஸ்பீக்கர் கேபினட்டே கிடையாது, அந்த 2002 டூர்ல அந்த இடத்துல துணி உலர்த்துற மெஷினை நிறுத்தி வச்சிருந்தாரு. முறுக்கின பாஸ் வேணும்னே வச்சது. அதைப் போய்ப் பிழைன்னு அளக்குறீங்க.

லைம்லைட்81
சான்ஸ்ஆம்ப் குரலைக் கிழிக்குமா, மூலப்பிரதி? பாஸ் ட்ராக்கில் மட்டும் போட்ட டிஸ்டார்ஷன் பாஸோடு நிற்கும். பேஸ் டிரம் விழும் அதே நொடியில் குரலும் சிம்பலும் சேர்ந்து கரகரத்தால், எல்லா ட்ராக்கும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு நடந்த வேலை அது. ‘சீலிங் அன்லிமிடெட்’ கோரஸைக் குரலை மட்டும் கவனித்துக் கேளுங்கள்.

சனாடு77
பிடித்தேன். “எல்லா ட்ராக்கும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு” என்றால் மிக்ஸின்போது எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மிக்ஸ் பஸ்ஸும் அதில் அடக்கம். மாஸ்டரிங் கூடத்துக்குக் கோப்பு போகும் முன்பே மிக்ஸ் பஸ்ஸில் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் ஏறியிருக்கும். உங்கள் வாதத்தாலேயே உங்கள் வாதம் விழுகிறது.

இதற்கு முன்னுதாரணமும் உண்டு. மெட்டாலிகாவின் ‘டெத் மேக்னெட்டிக்’ ஆல்பம் 2008இல் வந்தபோது எல்லாரும் மாஸ்டர் செய்த டெட் ஜென்சனைத்தான் திட்டினார்கள். தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் உச்ச அளவுச் சுவரில் மோதி நசுங்கிய நிலையில் இருந்தது என்று அவர் எழுதியது பிறகு வெளியே வந்தது. அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் நசுங்காமல் இருந்ததை வைத்து ரசிகர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். இங்கேயும் அதே கதைதான்.

லைம்லைட்81
பேசுவது ரஷ் பற்றி. மெட்டாலிகாவில் நடந்தது ரஷ்ஷின் ஊரான டொராண்டோவில் நடந்ததற்குச் சான்றா? கைவசம் சான்று இல்லாதவர் பக்கத்து வீட்டுச் சான்றைத் தூக்கிக்கொண்டு வருவது வழக்கம்தான்.

ஊசிமுனை
இவ்வளவு சண்டை எதுக்கு? ரீமிக்ஸை வினைல் இசைத்தட்டுல வாங்குங்க. ஒலியோட ஏற்ற இறக்கத்தை எண்ணாக் காட்டுற டிஆர் மீட்டர்ல போட்டுப் பார்த்தா சிடியை விட வினைல் கூடுதலாத்தான் காட்டுது. வினைலுக்குத் தனியா நசுக்காத மாஸ்டர் போயிருக்கு. நிரூபணம் ஆச்சு.

தட்டையலை
நிரூபணம் ஆகவில்லை. அந்த மீட்டர் பாட்டை 3 வினாடித் துண்டுகளாக வெட்டி, சத்தம் மிகுந்த 20 சதவீதத் துண்டுகளின் சராசரியை எடுத்து, இரண்டாவது பெரிய உச்சியோடு ஒப்பிடுகிறது. ஊசியும் காட்ரிட்ஜும் ஃபோனோ ப்ரீஆம்ப்பும் என வினைலை ஒலிக்கவைக்கும் பாகங்கள் ஃபேஸை நகர்த்தும்போது தட்டைத் தலை சாய்ந்து உச்சி உயர்ந்துவிடும். சராசரி அப்படியே இருக்கும். அதனால் அதே நசுங்கிய மாஸ்டரை வினைலில் பதித்தாலும் எண் 2, 3, சில நேரம் 4 கூடும். சிடி கோப்பையே ஒரு ஹை பாஸ் ஃபில்டரில் விட்டு எடுத்து அளந்து பாருங்கள், அதுவும் கூடும். ஃபில்டர் போட்டதும் நசுங்கல் நீங்கிவிட்டது என்பீர்களா?

ஊசிமுனை
கேபிள் இழையிலும் இப்படித்தான் சொன்னீங்க. காதால கேட்கறவனை எண்ணால அடிக்கிறதே உங்க வேலை.

தட்டையலை
எண்ணைக் கொண்டுவந்தது நீங்கள்.

ஒற்றைவெற்றி
ஆல்பத்தில் பாட்டு என்று ஒன்று இருக்கிறது. 1997 ஆகஸ்டில் மகள், 1998 ஜூனில் மனைவி என்று அடுத்தடுத்து இழந்து, இனி வாசிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் 55,000 மைல் சுற்றியவர் ரஷ்ஷின் டிரம்மர் நீல் பியர்ட். அவர் திரும்பி வந்து வாசித்த ஆல்பத்தின் முதல் அடி ‘ஒன் லிட்டில் விக்டரி’யின் தொடக்கம். ‘கோஸ்ட் ரைடர்’ பாட்டு அந்தப் பயணத்தைப் பற்றியது. ரஷ் கீபோர்டே இல்லாமல் செய்த முதல் ஆல்பமும் இதுதான். அதைப் பேசுங்களேன்.

மூலப்பிரதி
முதல் ஆல்பம் இல்ல. 1974இல் வந்த அவங்க முதல் ஆல்பம், ‘ஃப்ளை பை நைட்’, ‘கேரெஸ் ஆஃப் ஸ்டீல்’ மூணுலயும் கீபோர்டு கிடையாது. 1976இல் ‘2112’ தொடக்கத்துல அட்டைப்பட ஓவியர் ஹ்யூ சைம் ஏஆர்பி ஒடிஸி வாசிச்சதிலேருந்துதான் சின்தசைசர் உள்ள வந்துச்சு. ‘1975க்குப் பிறகு முதல்’னு சொல்லணும்.

ஒற்றைவெற்றி
சரி, 1975க்குப் பிறகு முதல். அதனால் நான் சொன்னது மாறிவிடுமா? கீபோர்டு இல்லாத இடத்தை லைஃப்சன் கிதார் மேல் கிதாராக அடுக்கி நிரப்பினார், கெடி லீ தன் குரலையே அடுக்கினார்.

சனாடு77
ஒற்றைவெற்றி தெரியாமலே என் பக்கம் பேசிவிட்டார். அடுக்கு! அதுதான் விஷயம். அத்தனை கிதாரும் குரலும் ஒரே இடைப்பட்ட அலைவரிசையில் மோதினால், எந்த லிமிட்டரும் இல்லாமலே மிக்ஸ் சேறாகும். 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை கிதாரும் சிம்பலும் குரலும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும், 200 முதல் 400 ஹெர்ட்ஸில் பாஸும் கிதாரின் அடிப்பகுதியும் அடித்துக்கொள்ளும். ஸ்டீரியோ கோப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் மாஸ்டரிங்காரர் 3 கிலோஹெர்ட்ஸை இறக்கினால் கிதாரோடு குரலும் சேர்ந்து இறங்கும். ட்ராக்கைப் பிரித்தால்தான் ஒன்றை இறக்கி ஒன்றை நிறுத்த முடியும். அதனால்தான் ரீமாஸ்டரோடு நிறுத்தவில்லை. கெடி லீயும் லைஃப்சனும் ஸ்டுடியோவில் ஜாம் செய்து கணினியில் ஏற்றிய துண்டுகளைக் கோத்துத்தான் பாட்டுகளைக் கட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூலத்திலேயே கரடுமுரடு உண்டு.

ஆகவே ரீமிக்ஸ் ‘ரஷ் மனதில் இருந்த ஆல்பம்’ என்பது பொய். 2002இல் அவர்கள் கேட்டு, ஒப்புக்கொண்டு, வெளியிட்டது அந்தக் கரடுமுரடான மிக்ஸைத்தான். பாட்ரில் செய்தது துடைத்து வைத்த வேறு ஆல்பம். டிரம்மும் குரலும் தெளிவாகக் கேட்கின்றன, மறுக்கவில்லை. ‘ஃப்ரீஸ்’ பாட்டில் இருந்த மிரட்சி போய்விட்டது.

லைம்லைட்81
அடுக்கினால் மிக்ஸ் நெரிசலாகும். கரகரக்காது. நெரிசல் வேறு, வெட்டு வேறு. கரகரப்பு என்று லைஃப்சன் சொன்னது மாஸ்டரிங்கை. நீங்கள் ஒவ்வொரு தடவையும் வெட்டைப் பற்றிக் கேட்டால் நெரிசலைப் பற்றிப் பதில் சொல்கிறீர்கள். ‘மிரட்சி’ என்று நீங்கள் கொண்டாடுவது வெட்டுப்பட்ட சாம்பிளின் சத்தம்.

மூலப்பிரதி
2002 நவம்பர்ல ரியோவோட மரக்கானா ஸ்டேடியத்துல வாசிச்ச ‘ரஷ் இன் ரியோ’ மேடைப் பதிவுல ‘எர்த்ஷைன்’ கேளுங்க. அதுதான் அந்தப் பாட்டோட சரியான வடிவம். ரெண்டு ஸ்டுடியோ மிக்ஸும் வேண்டாம்.

ஊசிமுனை
ரியோவா? மழையால சவுண்ட் செக்கே இல்லாம பதிவு பண்ணது. பாதி நேரம் கூட்டத்தோட இரைச்சல்தான் முன்னால நிக்குது. அதைச் சரியான வடிவம்ங்கறீங்க.

மூலப்பிரதி
டிஆர் மீட்டரை நம்புறவர் கூட்டத்தைக் குறை சொல்றாரு. அந்தக் கூட்டம் வரியே இல்லாத ‘ஒய்ஒய்இசட்’டுக்கு வாயாலயே மெட்டுப் பாடினதை உங்க வினைல்ல கேட்க முடியுமா?

தட்டையலை
இரண்டு சிடியையும் ஒப்பிடுகிறவர்களுக்கு ஒரு விஷயம். சத்தத்தைச் சமப்படுத்தாமல் ஒப்பிடாதீர்கள். அதிகச் சத்தம் எப்போதும் வலுவாகக் கேட்கும், சனாடு சொல்லும் ‘மிரட்சி’யில் எவ்வளவு பங்கு வெறும் சத்தம் என்று அப்போதுதான் தெரியும். இரண்டு கோப்பின் எல்யுஎஃப்எஸ் அளவை (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அளவு) எடுத்து, உயர்ந்ததை அந்த வித்தியாச அளவுக்கு இறக்குங்கள். தாழ்ந்ததை ஏற்றாதீர்கள், புதிதாக வெட்டு விழும். ஒன்றின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டிப் பார்க்கும் சோதனை இங்கே பயன்படாது, மிக்ஸே வேறு என்பதால் ஒன்றையொன்று அழிக்காது. வெட்டுப்பட்ட உச்சியை மீட்கும் டீகிளிப் கருவி போட நினைப்பவர்கள் முதலில் கோப்பை 6 டெசிபல் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மீட்டெடுத்த உச்சிக்கு இடம் இருக்காது. நீளமான வெட்டுகளில் அது ஊகித்து வரையும், சிம்பலில் கண்ணாடி உடைவது போல ஓசை வரும்.

லைம்லைட்81
சமப்படுத்திக் கேட்டாலும் 2002 சிடி கரகரக்கிறது. சத்தம் குறைந்ததால் வெட்டு ஆறிவிடாது.

சனாடு77
சமப்படுத்திக் கேட்டாலும் ‘சீக்ரெட் டச்’ நடுப்பகுதி 2002இல்தான் அடிக்கிறது. ரீமிக்ஸில் பாஸ் ஒழுங்காக உட்கார்ந்துகொள்கிறது, முட்டுவதில்லை. என் கேள்வி இன்னும் அங்கேயே நிற்கிறது. மாஸ்டரிங் மட்டும்தான் காரணமென்றால் ரீமாஸ்டரோடு ஏன் நிறுத்தவில்லை?

லைம்லைட்81
மிக்ஸை மேம்படுத்தும் வாய்ப்பு கிடைத்தது, மேம்படுத்தினார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஏணி போட்டவன் கூரை ஓடுகளையும் மாற்றினால், ஓடுதான் சுவரைக் கெடுத்தது என்று அர்த்தமில்லை.

சனாடு77
ஓடு ஒழுகியதால்தான் சுவர் கெட்டது. மாற்றினார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தட்டையலை
முழு அளவுக்கு 2 டெசிபல் கீழே சாய்ந்த தலை இருக்கிறதா என்று இந்த இழையில் இதுவரை ஒருவரும் பார்த்துச் சொல்லவில்லை. பாட்டு, நிமிடம், வினாடி, இடது சேனலா வலது சேனலா என்று போடுங்கள்.

லைம்லைட்81
குற்றம் சாட்டுபவர் போடட்டும்.

சனாடு77
சிடியைத் தூக்கிப் போடச் சொன்னவர்தான் குற்றம் சாட்டியவர். நீங்கள் போடுங்கள்.