புது டிவியில் கோடு, ரிட்டர்ன் எடுக்க மறுக்கிறார்கள்

வேலூர், காட்பாடி மக்களே, ஒரு உதவி. ஆன்லைனில் வாங்கிய டிவியை ஆன் செய்ததுமே இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு பச்சைக் கோடு. கஸ்டமர் கேரில் கேட்டால் டிவி கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் டிஓஏ சான்று (பெட்டி பிரிக்கும்போதே பழுது என்பதற்கான சான்று) வாங்கி வரச் சொல்கிறார்கள், சர்வீஸ்காரரோ பேனல் மாற்றித் தருகிறேன், சான்றெல்லாம் கிடையாது என்கிறார், இந்த இழுபறியில் ரிட்டர்ன் கெடுவே முடிந்துவிடும் போல. புது டிவிக்கு ரிப்பேரா, என்னங்க நியாயம்? 2020 மின்வணிக விதிப்படி குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததைச் சொல்லியாக வேண்டும், மெயில் போட்டும் சத்தமே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து யாருக்காவது பணம் திரும்பியதா? இல்லை, நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கே போய்விடலாமா? 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை என்பது தெரியும். வக்கீல் வைக்காமல் இங்கே வழக்குப் போட்டவர்கள் இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். பில்லும் பெட்டி பிரித்த வீடியோவும் கையில் இருக்கிறது.