மொசார்ட் காலத்தில் டிராம்போனுக்குக் கான்செர்டோ எழுதினார்களா?

கேள்வி:
நான்கு வருடமாக டெனர் டிராம்போன் வாசிக்கிறேன். ஹார்ன் வாசிக்கிற நண்பனுக்கு மொசார்ட் எழுதிய கான்செர்டோக்களே (ஒரு வாத்தியத்தை ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நிறுத்தி எழுதும் படைப்பு) நான்கு இருக்கின்றன. அந்தக் காலத்தில் டிராம்போனை முன்னால் நிறுத்தி யாருமே எழுதவில்லையா? இருந்தால் எதில் தொடங்கலாம்?

பதில் 1:
இருக்கிறதே! வியன்னா அரண்மனையில் இருந்த வாகென்ஸைல் எழுதியதைக் கேளுங்கள். இரண்டே பகுதிதான். மொசார்ட்டின் அப்பா லியோபோல்டும் எழுதியிருக்கிறார்.

பதில் 2:
லியோபோல்டினுடையது தனிக் கான்செர்டோ இல்லை, ஒரு பெரிய செரினேடின் (பல பகுதிகள் கொண்ட ஆர்கெஸ்ட்ரா இசை) நடுவே வரும் பகுதிகள். நல்ல டிராம்போன்காரர் கிடைக்காவிட்டால் வயோலாவில் வாசிக்கலாம் என்று அவரே குறித்து வைத்திருக்கிறார். அதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அப்படி வாசிக்கக்கூடிய கலைஞர்கள் அன்று எவ்வளவு அரிது! டிராம்போன் பெரும்பாலும் தேவாலய இசையோடு நின்றிருந்த காலம் அது. பீத்தோவன் 1808-இல் தன் ஐந்தாம் சிம்பொனிக்குள் அதைக் கொண்டுவந்ததுகூடக் கடைசிப் பகுதியில்தான்.

1769-இல் எழுதிய ஆல்பிரெக்ட்ஸ்பெர்கரையும் விடாதீர்கள். பின்னாளில் பீத்தோவனுக்குப் பாடம் சொன்னவர். ஆனால் இந்த மூன்றுமே ஆல்டோ டிராம்போனுக்கு, அதாவது டெனரைவிடச் சிறிய, உயர்ந்த சுருதி வாத்தியத்துக்கு எழுதியவை. ஆல்பிரெக்ட்ஸ்பெர்கரை நான் இரண்டு மாதம் டெனரில் முயன்றேன். ஸ்வரங்கள் வந்தன, அந்த லேசான நடை வரவில்லை. டிரில் (இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) வரும் இடத்தில் ஸ்லைடு, அதாவது இழுக்கும் குழாய், அசையாது; உதடுதான் அடுத்தடுத்த இரண்டு ஹார்மோனிக்குகளுக்கு (குழாயின் ஒரே நீளத்தில் பிறக்கும் ஸ்வரங்கள்) நடுவே போய்வர வேண்டும். ஆல்டோவில் அது எவ்வளவு இயல்பாக வருகிறது! ஆனால் ஆல்டோவை எடுத்த முதல் நாள், டெனரில் பழகிய கை ஸ்லைடு நிற்க வேண்டிய இரண்டாம் இடத்திலேயே (பொசிஷன்) ஒரு விரற்கடை தாண்டி நின்றது. தள்ளிப் போகப் போகப் பிசகு கூடியது.

அதனால் உங்களுக்கு ஃபெர்டினாண்ட் டேவிட்டின் கான்செர்டினோதான் (சிறிய கான்செர்டோ) சரி. 1837, லைப்சிக். காலம் கொஞ்சம் பிந்தியது, ஆனால் உங்கள் கையில் இருக்கிற வாத்தியத்தில் வாசிக்கலாம். இன்றும் ஆர்கெஸ்ட்ரா தேர்வுகளில் இதைத்தான் வாசிக்கச் சொல்கிறார்கள். டேவிட் இதை எழுதியது குவைசர் என்ற கலைஞருக்காக. அவர் வயோலாவும் வாசித்தவர். லியோபோல்டின் குறிப்பை நினைத்தால் எனக்கு இதில் தனி சந்தோஷம். நடுவில் வரும் சாவு ஊர்வல மார்ச்சுக்காகவே இதை வாசிக்கலாம். ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், ஒருவர் நின்று நிதானமாகத் துக்கத்தைச் சொல்வது போல இருக்கும்.

பதில் 3:
ரஷ்யாவின் ரிம்ஸ்கி-கோர்சகோவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடற்படை பேண்டுகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தபோது, 1877-இல், ராணுவ பேண்டோடு வாசிக்கும்படி எழுதினார். அப்புறம் டென்மார்க்கின் க்ரோன்டால், 1924.

கேள்வி கேட்டவர்:
டேவிட்டின் நோட்ஸ் எடுத்துவிட்டேன். அந்த மார்ச்சை மெட்ரோனோம் வைத்துத் தொடங்கவா?

பதில் 2:
இப்போது வேண்டாம். வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் பாடிப் பாருங்கள். எங்கே தானாக மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே பென்சிலால் குறி போடுங்கள். அந்தக் குறிகளை வைத்து வாசித்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.