ஜப்பானிய இளைஞர்கள் தங்கள் நாட்டின் எதிர்காலத்தை எப்படிப் பார்க்கிறார்கள்? நேரில் பழகியவர்களின் அனுபவங்கள்

டோக்கியோவிலிருந்து

நான் வசிக்கும் நிஷிகசாய்ப் பகுதியில், சமூகக் கூடம் ஒன்றில் வாரந்தோறும் கூடும் ஆங்கில உரையாடல் குழுவில் கல்லூரி மாணவர்கள் பலருடன் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒரு மாலை, நிப்பான் அறக்கட்டளை 2019-இல் 9 நாடுகளில், நாட்டுக்கு 1,000 பேர் வீதம், 17 முதல் 19 வயதினரிடம் நடத்திய கருத்துக்கணிப்பைப் பேச்சுக்கு எடுத்துக்கொண்டோம். தன்னால் நாட்டையோ சமுதாயத்தையோ மாற்ற முடியும் என்று சொன்னவர்கள் இந்தியாவில் 83.4 சதவீதம், ஜப்பானில் 18.3 சதவீதம். தன் நாடு மேம்படும் என்று நம்பிய ஜப்பானியர் 9.6 சதவீதம் மட்டுமே. பின்னர் நடந்த கணிப்புகளில் ஜப்பானின் அந்த 18.3 சதவீதம் கணிசமாக உயர்ந்துள்ளது என்றாலும், அன்று அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த எவருக்கும் பழைய எண்கள் வியப்பளிக்கவில்லை.

பொருளாதாரம் படிக்கும் மாணவி ஒருவர், “உங்கள் நாட்டுப் பிள்ளைகள் தெருவில் புதிய கடைகள் திறப்பதைப் பார்த்து வளர்கிறார்கள், நான் பிறந்தது முதல் என் ஊரில் கடைகள் மூடப்படுவதைத்தான் பார்த்திருக்கிறேன்” என்றார். அவர் குரலில் புலம்பல் துளியும் இல்லை. நில, பங்கு விலைகள் அளவுமீறி ஊதியிருந்த பொருளாதாரக் குமிழி 1990-களின் தொடக்கத்தில் வெடித்த பிறகு பிறந்த இவர்களுக்கு, சம்பளம் ஆண்டுதோறும் உயரும் என்பதே பெற்றோரின் இளமைக் காலத்துக் கதை. 2024-இல் யென் மதிப்பிழந்து ஒரு டாலர் 160 யென்னைத் தொட்டபோது, ஆஸ்திரேலியாவில் பண்ணை வேலைக்குப் போனால் மணிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவருடைய வகுப்பில் பாதிப் பேர் கைப்பேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

அரசியலில் அக்கறை இல்லையா என்று கேட்டேன். அவர் ஒரு தாளை இழுத்து, 2021 கீழவைத் தேர்தலில் இருபதுகளில் இருப்பவர்களில் 36.5 சதவீதமும் அறுபதுகளில் இருப்பவர்களில் 71.43 சதவீதமும் வாக்களித்தார்கள் என்று எழுதிக் காட்டினார். “நாங்கள் அத்தனை பேரும் வாக்களித்தாலும் எண்ணிக்கையில் அவர்களை எட்ட முடியாது” என்பது அவர் வாதம். 18 வயதில் வாக்குரிமை 2016-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆயினும் கீழவைக்குப் போட்டியிட 25 வயதும், மேலவைக்கும் தேர்தலில் நிரப்பப்படும் மாகாண ஆளுநர் பதவிக்கும் 30 வயதும் ஆக வேண்டும். அவர் தவறாமல் வாக்களிப்பவர். வேட்பாளர் பெயரைப் பென்சிலால் தன் கைப்பட எழுதிய அந்த வழவழப்பான தாள், மடித்துப் போட்டாலும் பெட்டிக்குள் தானாகவே விரிந்துகொள்ளும் என்பதை ஆர்வத்தோடு விவரித்தார். யாருக்கு வாக்களித்தேன் என்பதைத் தோழிகளிடம் சொல்வதுதான் தனக்குச் சங்கடம் என்றும் சொன்னார். சுவரெல்லாம் கட்சிச் சின்னம் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கூச்சம் புரிபட வெகுநாள் ஆயிற்று.

இதே பிள்ளைகள் சொந்த வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நிதானமாக இருக்கிறார்கள். கௌரவமான ஒரு வேலை, நாலைந்து நல்ல நண்பர்கள், வார இறுதியில் விருப்பமான ஒரு பொழுதுபோக்கு என்று அவர்கள் ஆசைகளுக்கு ஒரு வரம்பு இருக்கிறது. நாடு சரிந்தாலும் தாங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்வோம் என்ற எண்ணத்தைத்தான் நான் அதிகமாகக் கேட்டிருக்கிறேன்.

பதில், அகிதாவிலிருந்து

அண்ணா, நீங்கள் கண்ட அந்த நிதானம் டோக்கியோவின் வசதியில் விளைவது என்பது என் கருத்து. ஜப்பானிலேயே முதியோர் விகிதம் மிகுந்த மாகாணம் நான் ஆய்வு மாணவனாக இருக்கும் அகிதா. 1950-களில் 13 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை இப்போது 9 லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. ஏறத்தாழ பத்தில் நால்வர் 65 வயதைக் கடந்தவர்கள். இங்குள்ள இளைஞர்களுக்கு நாட்டின் எதிர்காலம் என்பது கருத்துக்கணிப்புக் கேள்வியாக வருவதில்லை, அடுத்த ஆண்டு ஊருக்குப் பேருந்து வருமா என்பதாகவே வருகிறது.

இங்குள்ள ஓகா தீபகற்பத்தில் டிசம்பர் 31 இரவு, கோர முகமூடியும் வைக்கோல் உடையும் தரித்த நமஹாகே என்னும் வேடதாரிகள் வீடு வீடாகச் சென்று, அழுகிற பிள்ளை இருக்கிறதா, சோம்பேறி மருமகள் இருக்கிறாளா என்று உறுமும் வழக்கம் உண்டு. யுனெஸ்கோ பட்டியலில் 2018-இல் சேர்க்கப்பட்ட மரபு இது. வேடம் போட ஊரில் வாலிபர்கள் போதாமல் வெளியூர் மாணவர்களையும் வெளிநாட்டவரையும் அழைக்கிறார்கள். அப்படித்தான் நானும் ஒருமுறை போனேன். நாங்கள் நுழைந்த வீடுகளில் பெரும்பாலானவற்றில் பயமுறுத்தக் குழந்தைகளே இல்லை. வயதான தம்பதியர் சாக்கே என்னும் அரிசி மது ஊற்றி உபசரித்தார்கள், தரையில் உதிர்ந்த வைக்கோலை அதிர்ஷ்டம் என்று விட்டுவைத்தார்கள். என்னோடு வந்த உள்ளூர் இளைஞர், தான் படித்த தொடக்கப்பள்ளி பக்கத்து ஊர்ப் பள்ளியோடு இணைக்கப்பட்டுவிட்டது என்றும், வேலைக்காகத் தானும் செண்டாய் நகருக்குப் போகப்போவதாகவும் சொன்னார். வெளிநாட்டவர் வந்து குடியேறுவதைப் பற்றிக் கேட்டதற்கு, “யாராவது வந்து விளக்கேற்றினால் போதும்” என்றார்.

எல்லோரும் அப்படி நினைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளர் எண்ணிக்கை 2023-இல் 20 லட்சத்தைத் தாண்டியது. 2025 ஜூலை மேலவைத் தேர்தலில், ஜப்பானியருக்கே முதலிடம் என்று முழங்கிய சான்செய்தோ கட்சி 14 இடங்களை வென்றது; என் ஆய்வகத் தோழர்கள் இருவர் அதற்கு வாக்களித்ததை மறைக்கவில்லை. என்னைப் பற்றி அதில் ஒன்றுமில்லை என்று விளக்கினார்கள். அதை நான் முழுதாக ஏற்கவில்லை.

பதில், ஹிரோஷிமாவிலிருந்து

உலகப் பிரச்சினைகள் என்று வரும்போது இங்குள்ள பள்ளிப் பிள்ளைகள் வேறு மாதிரி. அணு ஆயுத ஒழிப்புக்காகக் கையெழுத்துத் திரட்டி ஜெனீவாவிலுள்ள ஐ.நா. அலுவலகத்தில் ஒப்படைக்கும் உயர்நிலைப்பள்ளி அமைதித் தூதர் இயக்கம் 1998-இல் நாகசாகியில் தோன்றியது. ஹோந்தோரி கடைவீதியில் கையெழுத்து அட்டையை நீட்டிய மாணவி ஒருவரிடம், 2021-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் ஜப்பான் ஏன் கையெழுத்திடவில்லை என்று கேட்டேன். ஜப்பான் அமெரிக்காவின் ‘அணுக்குடை’, அதாவது அதன் அணு ஆயுதப் பாதுகாப்பின் கீழ் இருப்பதையும், வடகொரிய ஏவுகணைகளுக்கான எச்சரிக்கை ஒலி கேட்டு வளர்ந்ததையும் சொல்லிவிட்டு, “அச்சம் இருப்பது நிஜம், ஆனால் இந்த ஊரிலிருந்து நான் வேறு எதைக் கேட்பது?” என்றார். 2018 ஜூலைப் பெருமழையில் தாத்தாவின் வீடு சேற்றில் புதைந்த பிறகு, பருவநிலை மாற்றமும் தன் கவலைகளில் சேர்ந்துகொண்டது என்றார்.

மீண்டும் டோக்கியோவிலிருந்து

தம்பி அகிதாவைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் குழு மாணவர்களில் பெரும்பாலோர் தலைநகரிலேயே வீடு உள்ளவர்கள். ஹிரோஷிமா சகோதரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2024 ஆகஸ்டில் 16 இளைஞர்கள், அனல்மின் நிலையங்கள் நடத்தும் 10 நிறுவனங்கள் கரியமில வாயு வெளியீட்டைக் குறைக்க வேண்டும் என்று கோரி நாகோயா மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். வாக்குப் பெட்டியில் எண்ணிக்கை போதாதவர்கள் நீதிமன்றத்தை நாடுவது எனக்கு இயல்பாகவே படுகிறது; எங்கள் குழுவிலோ, இப்படிப் பெயர் வெளியே தெரிந்தால் வேலை கிடைக்குமா என்பதே முதல் கேள்வியாக எழுந்தது. நாகோயாவில் இருப்பவர்கள் யாரேனும் அந்த விசாரணைக்குப் போயிருந்தால், அங்கு கண்டதை எழுத வேண்டுகிறேன்.