ஒன்டாரியோவில் பேஸ்மென்ட் வேலைக்குக் கையெழுத்திடும் முன்: கொட்டேஷனில் வரும் சொற்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் புதிதாக வந்து, வீடு வாங்கி, தரைக்குக் கீழே இருக்கும் தளமான பேஸ்மென்ட்டைக் கட்டி முடித்து வாடகைக்கு விடலாம் என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் மேஸ்திரியிடம் செங்கல், சிமெண்ட், கம்பி என்று கணக்குக் கேட்டுப் பழகியவர்கள்கூட, இங்கு கைக்கு வரும் கொட்டேஷன்களில் கடைசியில் உள்ள மொத்தத் தொகையை மட்டுமே ஒப்பிடுகிறார்கள். அந்தத் தொகைக்குள் எவை அடங்கும் என்பது நடுவில் உள்ள சொற்களில்தான் இருக்கிறது.

'ஃப்ரேமிங்' என்றால் சுவருக்கான மரச்சட்டக் கூடு. செங்குத்தாக நிற்கும் ஒவ்வொரு சட்டமும் 'ஸ்டட்'. பெரும்பாலும் ஒன்றின் மையத்திலிருந்து அடுத்ததன் மையத்துக்கு 16 அங்குலம் விட்டு நிறுத்துவார்கள். 'டூ பை ஃபோர்' என்று விற்கப்படும் சட்டத்தை அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அறுத்து, உலர்த்தி, இழைத்த பிறகு நிற்கும் அளவு அது என்பதால் ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். கூட்டின்மேல் திருகப்படும் ஜிப்சம் பலகையே 'டிரைவால்'. வெளிச்சுவரை ஒட்டிய பகுதியில் டிரைவாலுக்குப் பின்னால் 'இன்சுலேஷன்' பஞ்சும், அதன் வெதுவெதுப்பான பக்கத்தில், அதாவது அறையை நோக்கிய பக்கத்தில், 'வேப்பர் பேரியர்' என்னும் பிளாஸ்டிக் தாளும் வர வேண்டும். இந்தத் தாள் விடுபட்டாலோ கிழிந்திருந்தாலோ, குளிர்காலத்தில் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த கான்கிரீட் வரை சென்று நீராகி, சுவருக்குள் பூஞ்சை பிடிக்கும்.

மிகுதியாகக் குழப்பம் வருவது 'ரஃப்-இன்' என்ற சொல்லில்தான். வீட்டு விளம்பரத்தில் 'த்ரீ பீஸ் ரஃப்-இன்' என்று கண்டால் குளியலறை தயார் என்று நினைத்துவிடாதீர்கள். கழிப்பறை, கைகழுவும் தொட்டி, ஷவர் ஆகிய மூன்றுக்குமான கழிவுநீர்க் குழாய்கள் கான்கிரீட் தரைக்குள் போடப்பட்டு, வாய் மூடப்பட்டு நிற்கின்றன என்பதே அதன் பொருள். இருந்தாலும் அது பெரிய லாபம், ஏனென்றால் அது இல்லாத பேஸ்மென்ட்டில் தரையை உடைத்துத்தான் குழாய் இறக்க வேண்டும். ஒப்பந்ததாரர் 'பிளம்பிங் ரஃப்-இன்' என்று மட்டும் எழுதியிருந்தால், கழிப்பறைப் பீங்கான், தொட்டி முதலிய சாமான்களும் தண்ணீர் திறக்கும் குழாய்களும் தொகையில் சேர்ந்தவையா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

'பெர்மிட்', அதாவது நகராட்சி தரும் கட்டட அனுமதி, யார் பெயரில், யார் செலவில் என்பதும் தாளில் இருக்க வேண்டும். ஃப்ரேமிங், ரஃப்-இன், இன்சுலேஷன் ஆகியவற்றை நகராட்சி ஆய்வாளர் பார்த்த பிறகே டிரைவாலால் மூட வேண்டும். முன்னதாக மூடிவிட்டால் பிரிக்கச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. மின்வேலைக்கு ஆள் வைப்பதானால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரைத்தான் வைக்க வேண்டும், அந்த வேலை மின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பான எலெக்ட்ரிக்கல் சேஃப்டி அத்தாரிட்டியிடம் பதிவாக வேண்டும்.

'ஈகிரஸ்' ஜன்னலைச் செலவுக் கணக்கில் மட்டும் பார்க்காதீர்கள். தீப்பிடித்தால் படுக்கையறையில் தூங்குகிறவர் வெளியேறும் வழி அது. இப்படி வெளியேறும் வழியாக அமையும் ஜன்னலின் திறப்பு 0.35 சதுர மீட்டருக்குக் குறையாமலும், எந்தப் பக்கமும் 380 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பழைய வீட்டின் சிறிய ஜன்னலை இந்த அளவுக்குப் பெரிதாக்க அஸ்திவாரச் சுவரை வெட்ட வேண்டியிருப்பதால் அதற்குத் தனி பெர்மிட் தேவைப்படலாம். அந்த வேலையைக் குறிப்பிடாத கொட்டேஷன் மலிவாகத் தெரிவதில் வியப்பில்லை.

'எஸ்டிமேட்', அதாவது செலவு மதிப்பீடு, ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால், கூடுதல் வேலைக்கு நீங்களாக ஒப்புக்கொள்ளாத வரை, இறுதித் தொகை அதைவிட 10 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று ஒன்டாரியோ நுகர்வோர் சட்டம் சொல்கிறது. அப்படி ஒப்புக்கொள்ளும் தாள்தான் 'சேஞ்ச் ஆர்டர்'. விலை எழுதாத சேஞ்ச் ஆர்டரில் கையெழுத்திடாதீர்கள். ரொக்கமாகக் கொடுத்தால் எச்.எஸ்.டி. என்னும் 13 விழுக்காடு விற்பனை வரி வேண்டாம் என்று நம் ஊர்க்காரரே சொன்னாலும் மறுத்துவிடுங்கள், ஏனெனில் ரசீது இல்லாத வேலைக்குப் பின்னால் வழக்காடுவது மிகக் கடினம். 'ஹோல்ட்பேக்' என்பது ஒவ்வொரு தவணையிலும் 10 விழுக்காட்டை நிறுத்தி வைப்பது. ஒப்பந்ததாரர் தம் ஆட்களுக்கோ பொருள் தந்தவர்களுக்கோ பணம் தராவிட்டால் அவர்கள் உங்கள் வீட்டின்மேல் 'லீன்' என்னும் பாக்கிக்கான உரிமைக் கோரிக்கையைப் பதியலாம் என்பதால், அதற்கான காலக்கெடு கடக்கும் வரை அந்தத் தொகையைக் கையில் வைத்திருக்கக் கட்டுமானச் சட்டமே சொல்கிறது. தயங்காமல் பிடித்து வையுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் அதற்காக முகம் சுளிக்கமாட்டார்.